முதல் டூயத்லானுக்கு 21 கியர் ஹைப்ரிட் சைக்கிள்: நெல்லை ரோட்டில் எப்படி?

டூயத்லான் என்றால் ஓட்டம், சைக்கிள், மறுபடியும் ஓட்டம். ஸ்பிரிண்ட் தூரம் 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், 2.5 கி.மீ. ஓட்டம். ஸ்டாண்டர்டு தூரம் அதில் சரியாக இரட்டிப்பு. முதல் தடவை பேர் கொடுக்கிறவர்கள் ஸ்பிரிண்டில்தான் தொடங்குவார்கள், தொடங்க வேண்டும். பேர் கொடுத்த மறுநாளே வருகிற கேள்வி ஒன்றுதான்: வீட்டில் நிற்கிற ஹைப்ரிட் போதுமா, ரோடு பைக் வாங்கணுமா?

இங்கே பார்க்கப்போவது பதினைந்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண ஹைப்ரிட். நேரான ஹேண்டில்பார், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, 700×35 டயர். எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமில்லை. இந்த விலையில் ஸ்டிக்கர்தான் மாறும். கியர், பிரேக், டயர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தரம். மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். வேகம் மட்டும் போதாது. சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கும்போது கடைசி இரண்டரை கிலோமீட்டருக்குக் காலில் என்ன மிச்சம் இருக்கிறது? டூயத்லான் சைக்கிளுக்கு மார்க் போடும் இடம் அதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த வண்டி பாஸ். ஆனால் கடையிலிருந்து வரும் கோலத்திலேயே ஓட்டினால் பெயில்.

முதலில் கியர். 21 கியர் எதற்கு என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. பரவலாக வருவது முன்னால் 42-34-24, பின்னால் 14 முதல் 28 பல் வரை. 35 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.17 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 90 தடவை பெடல் சுற்றினால் 42-14ல் மணிக்கு 35 கி.மீ. போகலாம். முதல் போட்டியில் அதைத் தாண்டப் போகிறவர் யாரும் இல்லை. 25 கி.மீ. வேகத்துக்கு 42-20 போதும், இல்லாவிட்டால் 34-16. ஆக, வேகத்துக்குக் கியர் தடையில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது: புதியவர்கள் கனமான கியரில் போட்டுவிட்டு நிமிடத்துக்கு அறுபது சுற்றில் மிதித்துத் தள்ளுவார்கள். வேகம் அதேதான் வரும், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் தொடைச் சதை கொடுக்கும் பலம் ஒன்றரை மடங்கு. அதன் பில் இரண்டாவது ஓட்டத்தில் வரும். 80-லிருந்து 90 சுற்று வரை பழக இரண்டு வாரம் போதும். பத்து விநாடிக்கு வலது கால் எத்தனை தடவை கீழே இறங்குகிறது என்று எண்ணுங்கள். 14, 15 வந்தால் சரி.

கியர் மாற்றுவதில் இந்த வண்டியின் நோய் ஒன்று உண்டு. புதுசில் கேபிள் இழுபடும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடியதும் பெரிய பல்லுக்கு ஏற மறுக்கும், 'கடகட' சத்தம் வரும். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சங்கிலியைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற பின் டெரெய்லரில் கேபிள் நுழைகிற இடத்தில் திருகு ஒன்று இருக்கும். சின்னப் பல்லிலிருந்து பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அதை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும். இறங்கத் தயங்கினால் வலஞ்சுழி. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகக் கூடாது. அப்படியும் சரியாகவில்லை என்றால் டெரெய்லர் தொங்குகிற தகடு வளைந்திருக்கும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலோ, கார் டிக்கியில் கியர் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்தாலோ நடப்பது இது. போட்டி இடத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது கியர் பக்கம் எப்போதும் மேலே.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய செலவில்லாமல் நேரம் கிடைப்பது இங்கேதான். ரோட்டோரக் கடை அண்ணாச்சி காற்றடித்துவிட்டுக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குல்லா, போங்க" என்பார். காற்றழுத்தத்தைப் பிஎஸ்ஐ கணக்கில் அளப்பார்கள்; கட்டை விரலுக்கு 40 பிஎஸ்ஐயும் 60 பிஎஸ்ஐயும் ஒன்றுபோலத்தான் தெரியும். 35 மி.மீ. டயரில் 40-ல் ஓட்டினால் மணலில் ஓட்டுகிற மாதிரி இழுக்கும், குழியில் இறங்கினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். 65, 70 கிலோ எடையுள்ளவருக்குப் பின்னால் 60, முன்னால் 55 சரி. எடைக்குத் தகுந்தபடி ஐந்து கூட்டலாம், குறைக்கலாம். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அந்த உச்சம் வரை அடிப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. சரளை பெயர்ந்த ரோட்டில் டயர் துள்ளும், துள்ளுகிற டயர் வேகத்தைத் தின்னும், கையும் மரத்துப்போகும். மீட்டர் வைத்த நின்றபடி அடிக்கும் பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். முதல் போட்டிக்குச் செலவழிக்க வேண்டிய முதல் காசு அதற்குத்தான்.

வால்வைக் கவனிக்க வேண்டும். சாதா சைக்கிளில் இருப்பது வால்டியூப் போட்ட பழைய வால்வு. ஹைப்ரிட்டில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் மாதிரியான தடித்த ஷ்ரேடர் வால்வு. சிலதில் மெலிந்த பிரெஸ்டா. ஷ்ரேடர் என்றால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று அடிக்கலாம், ஆனால் கம்பிரசர் குழாயைப் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது. சைக்கிள் டியூபில் காற்றுக் கொள்ளளவு குறைவு, கண் மூடித் திறப்பதற்குள் எகிறிவிடும். பிரெஸ்டாவாக இருந்தால் முனையில் இருக்கும் குட்டித் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் போட்டு வைத்தால் ஊர்க் கடையிலும் வேலை நடக்கும்.

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், 25 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர் 40 டிகிரிக்குச் சூடானால் நான்கு பிஎஸ்ஐதான் கூடும். நல்ல டயர் அதற்கு வெடிக்காது. வெடிக்கிறதென்றால் டியூப் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டியிருக்கும், அல்லது ரிம் நாடா விலகிக் கம்பித் தலை குத்தியிருக்கும். டயர் மாட்டியதும் பாதிக் காற்று அடித்து, சுற்றிலும் விளிம்பை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மீதி.

பஞ்சருக்கு இந்தப் பக்கம் குற்றவாளி பெரும்பாலும் உடைமுள், அடுத்தது சீமைக்கருவேல முள். நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் ரோட்டு ஓரத்தில் வெட்டிப் போட்ட கிளைகள் கிடந்தால் அரை மீட்டர் உள்ளே தள்ளி ஓட்டுவது நல்லது. டியூபை மாற்றினால் மட்டும் போதாது. டயரின் உட்புறம் ஒரு துணியை வைத்துச் சுற்றி இழுத்தால் முள் முனை துணியில் மாட்டும்; விரலை விட்டுத் தேடினால் விரலில் ஏறும். அந்த முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டவர் நூறு மீட்டரில் திரும்ப உட்கார்ந்திருப்பார்.

சஸ்பென்ஷன் போர்க் வைத்த மாடலும் கடையில் இருக்கும், விற்பவரும் அதைத்தான் தள்ளுவார். வேண்டாம். இந்த விலையில் வருவது வெறும் ஸ்பிரிங். எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடும், எழுந்து மிதித்தால் முன்பக்கம் ஊஞ்சலாடும். ஏற்கனவே அந்த மாடல்தான் வீட்டில் இருக்கிறதென்றால் ஸ்பிரிங்கை ஆடாமல் நிறுத்தும் பூட்டு போர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூட்டிவிட்டு ஓட்டலாம். டிஸ்க் பிரேக்கா, ரிம்மைப் பிடிக்கும் வி பிரேக்கா என்பதில் சண்டை தேவையில்லை. காய்ந்த ரோட்டில் இரண்டும் நிறுத்தும். டிஸ்க்குக்கு மழையில் ஒரு கை கூடுதல், ஆனால் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் 'சர்ர்' என்று உரசும். அந்த உரசலோடு 20 கி.மீ. போவது லேசாகப் பிரேக் பிடித்துக்கொண்டே போவதுதான். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் தானாகப் பல சுற்று ஓட வேண்டும். நாலைந்து சுற்றில் நின்றால், டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே திரும்ப முறுக்க வேண்டும்.

இனி சீட்டு. ஹைப்ரிட் மேல் வரும் புகார்களில் பாதி சைக்கிளைப் பற்றியதே அல்ல, சீட்டு உயரத்தைப் பற்றியது. உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படும்படிதான் கடையில் வைத்துத் தருவார்கள். அது மார்க்கெட்டுக்குப் போய்வர. அப்படியே 20 கி.மீ. மிதித்தால் முழங்கால் முழுக்க மடங்கியே வேலை செய்யும், முட்டியின் முன்பக்கம் வலிக்கும், தொடை கல்லாகிவிடும். அளவு எடுப்பது எளிது: வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த நோட்டை மேலே தூக்கி வைத்து, நோட்டின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து 0.883 ஆல் பெருக்க வேண்டும். 80 செ.மீ. வந்தால் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றுகிற மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை 70.6 செ.மீ. இது தொடக்கப் புள்ளி. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நீண்டு, பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி சற்றே மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினால் உயரம் அதிகம், அரை செ.மீ. இறக்குங்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழக வேண்டியிருக்கும், இரண்டு நாளில் வந்துவிடும். சீட்டுக் குழாயில் 'இதற்கு மேல் தூக்காதே' என்கிற கோடு இருக்கும், அதைத் தாண்டினால் பிரேம் விரியும்.

மெத்தென்ற சீட்டு உறை வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம். ஐந்து கிலோமீட்டருக்குச் சுகம். அதற்குப் பிறகு உறை நகர்ந்து நகர்ந்து தொடையை உரசும், வியர்வையில் புண்ணாகும். உறைக்குப் போகும் காசுக்குப் பேட் வைத்த கால்சட்டை ஒன்று வாங்கலாம். அதற்கும் பேட் மெலிதாக இருக்க வேண்டும், அதோடுதானே ஓடவும் வேண்டும்.

ரோடு பைக்கில் இல்லாத ஒரு வசதி ஹைப்ரிட்டுக்கு உண்டு, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தட்டைப் பெடல். ஓடிவந்த ஷூவோடே ஏறலாம், அதே ஷூவோடு இறங்கி ஓடலாம். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல்காரர் ஷூ மாற்றும் நேரத்தில் நீங்கள் ஹெல்மெட் மாட்டிக் கிளம்பியிருப்பீர்கள். ஷூவே மாற்றாதவருக்கு, முடிச்சுப் போடாமல் சட்டென்று மாட்ட உதவும் எலாஸ்டிக் லேஸ் எதற்கு? அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் கூடவே வரும் பிளாஸ்டிக் பெடலை மாற்றியே ஆக வேண்டும். தண்ணீரோ வியர்வையோ பட்டால் ஷூ வழுக்கும், கெண்டைக்கால் எலும்பில் பெடல் அடிக்கும். குத்து முனைகள் உள்ள அகலமான பெடல் போதும். 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ்: வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலங்கொண்டு திருகினால் கிராங்கின் மரை போகும், அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டும்.

காற்றுதான் இந்தச் சைக்கிளின் உண்மையான பலவீனம். நிமிர்ந்து உட்காருகிற வண்டி, நெஞ்சு முழுக்கக் காற்றை வாங்கும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேக்காற்றைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? வள்ளியூரிலிருந்து பணகுடி, காவல்கிணறு நோக்கிப் போனால் அது முகத்திலேயே அறையும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பிடித்துவிடலாம் என்பது தப்புக் கணக்கு. காற்றில்லாமல் 25 கி.மீ. வேகத்தில் 20 கி.மீ. முடிக்க 48 நிமிடம். எதிர்காற்றில் 18, பின்காற்றில் 32 என்று வைத்தால் சராசரி அதே 25 மாதிரித் தோன்றும். ஆனால் போக 33 நிமிடம் 20 விநாடி, வர 18 நிமிடம் 45 விநாடி, மொத்தம் 52 நிமிடம். நான்கு நிமிடம் காற்றோடு போயிற்று. எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்கவே கூடாது. இரண்டு கியர் குறைத்து அதே சுற்றில் மிதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைத் தாழ்த்தினால் போதும். ஹேண்டில்பாரைத் தாழ்த்த நினைத்தால் அதைப் பிடித்திருக்கும் தண்டுக்குக் கீழே இருக்கும் வளையம் ஒன்றை மேலே மாற்றலாம். ஆனால் போட்டிக்கு ஒரு மாதம் முன்னதாகச் செய்யுங்கள், கடைசி வாரத்தில் கைவைத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமே என்றால், பெரும்பாலான வயதுப் பிரிவுப் போட்டிகளில் அதற்கு அனுமதியில்லை. பத்து மீட்டர் இடைவெளி விட வேண்டும், முந்துவதென்றால் இருபது விநாடிக்குள் முந்திவிட வேண்டும். மீறினால் தண்டனை நேரம்.

பயிற்சிக்கு ரோடு தேர்வது பற்றி. முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவி போகிற ரோடு சமதரை, வயல்வெளி. ஆனால் குறுகல், பஸ் வந்தால் ஓரம் இறங்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து வல்லநாடு பக்கம் போகும் நாற்கரச் சாலை வேகம் பிடிக்க நல்லது, பாலத்து இணைப்புக் கம்பிகளில் மட்டும் சக்கரத்தை நேராக ஏற்ற வேண்டும். எந்த ரோடானாலும் ஆறரைக்குள் முடிக்கிற மாதிரி, பின்னால் சிவப்பு விளக்கோடு. வாரம் ஒரு நாளாவது 10 கி.மீ. மிதித்துவிட்டு இறங்கிய கையோடு ஒரு கி.மீ. ஓட வேண்டும். முதல் நான்கு நிமிடம் கால் அடுத்தவர் கால் மாதிரி இருக்கும். உட்கார்ந்து மிதித்ததில் இடுப்பின் முன்சதை சுருங்கிக் கிடப்பதால் அப்படி. கடைசி 500 மீட்டரில் ஒரு கியர் குறைத்து வேகமாகச் சுற்றிவிட்டு, இறங்கியதும் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தால் சீக்கிரம் பழைய நடை வரும்.

வண்டியோடு வராதவை மூன்று. பாட்டில் கூடு: பிரேமில் துளை இருக்கும், 4 மி.மீ. ஆலன் சாவி போதும். அதில் 750 மி.லி. பாட்டில் ஒன்று. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட் என்றால் முக்கால் பாக்கெட் மட்டும் கலக்க வேண்டும். முழுசையும் கொட்டினால் வயிறு புரட்டும். குடிப்பதெல்லாம் சைக்கிளில்தான், ஓடும்போது குடித்தால் விலாவில் பிடிக்கும். காலையில் இரண்டு இட்லி, ஒரு பழம், இரண்டு மணி நேரத்துக்கு முன்னால். நெய் வடியும் அல்வா சாயங்காலத்துக்கு. இரண்டாவது ஹெல்மெட்: இ.என். 1078 என்று உள்ளே ஒட்டியிருக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஆகாது. மூன்றாவது, நம்பர் மாட்டும் இடுப்பு எலாஸ்டிக். சைக்கிளில் நம்பர் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம். ஊக்கால் குத்தியிருந்தால் திருப்ப முடியாது.

ஹெல்மெட் விதி ஒன்றில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். வண்டியில் கை வைப்பதற்கு முன்பே பட்டை பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து வண்டியை மாட்டிய பிறகுதான் பட்டையைக் கழற்றலாம். ஏறும் கோட்டைத் தாண்டித்தான் ஏறணும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கணும், நடுவில் உருட்டிக்கொண்டு ஓடணும். ஹைப்ரிட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல், ஹேண்டில்பார் நுனி மூடி. சுவரில் சாய்த்துச் சாய்த்து அது எப்போதோ விழுந்திருக்கும். திறந்த குழாய் விழுந்தால் உடம்பில் வட்டமாக வெட்டும் என்பதால் சோதனையில் நிறுத்துவார்கள். காலை ஐந்தரைக்கு மூடி எங்கே கிடைக்கும்? ஒயின் கார்க் ஒன்றைச் செதுக்கி இறுக்கிச் செருகி டேப் சுற்றினால் ஆபத்துக்கு உதவும், ஆனால் முந்தின நாளே பார்த்துவிடுவது நல்லது.

புதுசாக வாங்குகிறவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டியது போர்க் திசை. பெட்டியில் வந்ததை அவசரமாகப் பூட்டும்போது முன் போர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவது நடக்கிறது. முன் பிரேக் போர்க்கின் முன்னால் தெரிந்தால் வி பிரேக்குக்குச் சரி, பின்னால் தெரிந்தால் தப்பு. டிஸ்க் என்றால் காலிப்பர் ஓட்டுகிறவரின் இடக்கைப் பக்கம், போர்க்குக்குப் பின்னால் இருக்க வேண்டும். அடுத்து, நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தைப் பெண்டு எடுக்கக் கொடுங்கள். புதுக் கம்பிகள் இளகும். ஊர்ச் சைக்கிள் கடைக்காரருக்கு இது கைவந்த வேலை, கியர் வைக்கத் தெரியாதவர்கூட ரிம்மை நூல் பிடித்த மாதிரி நிறுத்திவிடுவார்.

ஒப்பிட்டால்: கட்டை கட்டையாக வரி உள்ள எம்டிபி (மவுன்டன் பைக்) டயரோடு வருகிறவருக்கு ஹைப்ரிட் எவ்வளவோ மேல். எம்டிபிதான் இருக்கிறதென்றால் வண்டியை மாற்றாதீர்கள், 26×1.5 வழுவழு டயர் இரண்டு போடுங்கள். ரோடு பைக் அதே உழைப்புக்குக் கூடுதல் வேகம் தரும், மறுப்பில்லை. ஆனால் வளைந்த ஹேண்டில்பாரும் கிளிப் பெடலும் பழக மாதக்கணக்காகும். அந்த மாதங்களை ஓட்டத்துக்குக் கொடுத்தால் கிடைப்பது அதைவிட அதிகம். இரண்டாவது, மூன்றாவது போட்டிக்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால் அப்போது வாங்கலாம்.

போட்டிக்குக் கழற்ற வேண்டியவை: மணி, கூடை, மட்கார்டு, சைடு ஸ்டாண்டு. எடை பெரிதில்லை, ஸ்டாண்டு தளர்ந்து இறங்கினால் வளைவில் தரையைக் கொத்தும், அதனால்தான். போல்ட்டுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காய்கறி வாங்கப் போகும்போது தேடுவீர்கள்.